சீவிய டயர்

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் எடை என்றால் கூட்டுவதற்குத்தான். குறைத்துக் காட்டு என்று ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. பதினோரு வருடம் ரப்பர்ப் பால் ஸ்டோரில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். மரத்தில் உறைந்ததைச் சுரண்டிக் கட்டிய ஒட்டுப்பால் மூட்டைக்குள் ஆற்று மணலைப் பார்த்திருக்கிறேன், ஊறவைத்த மரப்பட்டையைப் பார்த்திருக்கிறேன், ஒருமுறை ஒற்றைச் செருப்பையும் பார்த்தேன். பால் வெட்டுகிற ஐயாவு அண்ணன் மூட்டையில் கருங்கல்லே இருந்தது. கேட்டதற்கு, "மரம் ஊத்துனதத்தான் கொண்டாந்தேன், போயி மரத்தக் கேளு" என்றார்.

அந்த மனிதர்தான் 1984 செப்டம்பரில் ஒரு மத்தியானம், பால் நிறுத்து முடித்து நான் சிமெண்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மகனுடைய பி.எம்.எக்ஸ். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இத நிறுத்துச் சொல்லு சின்னையா. வாளிக்குக் கழிக்கிற மாதிரி இதுலயும் அரை கிலோவக் கழிச்சுப்புடாத."

வாளியின் கனத்துக்கென்று நான் ஒன்றரைக் கிலோ கழிப்பேன். வாளி ஒரு கிலோதான். கணக்கெழுதும் கிராணி சொன்னார், நான் செய்தேன். அந்த அரைக் கிலோ எங்கள் இருவருக்கும் நடுவில் பதினோரு வருடமாகக் கிடந்தது. அவர் வாயால் வைவார், நான் காது கேளாதவன் மாதிரி அடுத்த வாளியை மாட்டுவேன்.

"கழிச்சாத்தான ஒங்களுக்கு நல்லது அண்ணே? கொறையணும்னுதான வந்திருக்கீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான் லா. ஆனா இன்னைக்கு ஒரு நாளாச்சும் நெசத்தச் சொல்லு."

சைக்கிளைக் கொக்கியில் மாட்டினேன். அது தலைகீழாகத் தொங்கி மெதுவாகச் சுற்றியது. பதினான்கு கிலோ எண்ணூறு.

"பாய் பன்னெண்டு சொன்னாரே" என்றார் ஐயாவு அண்ணன். முகம் விழுந்துவிட்டது.

பாய் என்றால் ஈப்போ நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜைனுலாப்தீன் பாய். அந்த வருடங்களில் பையன்களுக்கெல்லாம் மண் திடலில் பந்தயம் ஓட்டுகிற இந்தச் சின்ன பி.எம்.எக்ஸ். சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்தது. பந்தயத்தில் ஜெயிக்கிற ஒருவன் கடையில் நின்றால் சைக்கிள் தானாக விற்கும் என்று பாய்க்குத் தெரியும். ஐயாவு அண்ணனின் ஒரே மகன் பத்துமலைக்கு அப்போது பதினெட்டு வயது. படிப்பு ஏறவில்லை. தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. வேலை முடிந்தால், பழைய சாமான் கடையில் வாங்கிய அந்தச் சைக்கிளில் ரப்பர் நிரைகளுக்குள் பாய்ந்து பாய்ந்து ஓட்டுவான். அதைப் பாய் ஒருநாள் கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தையை நானும் கேட்டேன்.

"நவம்பர்ல ஈப்போவுல பெரிய பந்தயம் வருது தம்பி. மொத மூணு எடத்துக்குள்ள வந்துரு. கடையில மெக்கானிக்கா எடுத்துக்கறேன். மாடியில ரூமு சும்மாதான் கெடக்கு, அத்தா அம்மாவையும் கூட்டிட்டு வந்துருங்க. ஆனா இந்தச் சைக்கிள் கனம் லா. பன்னெண்டு கிலோவுக்குள்ள கொண்டு வா, பாப்போம்."

மாடி அறை என்ற சொல்தான் ஐயாவு அண்ணனைப் பிடித்துக்கொண்டது. தோட்டத்தை விற்றாகிவிட்டது. வீடு கட்டி விற்கிற கம்பெனிக்காரன் வாங்கிவிட்டான். டிசம்பர் முடிவதற்குள் நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யும்படி ஆபீஸ் சுவரில் கடிதம் ஒட்டியிருந்தது. போக்கிடம் இருந்தவர்கள் கோலா கங்சார் பக்கம், சொந்தக்காரர் வீடு என்று போய்க்கொண்டிருந்தார்கள். ஐயாவு அண்ணனுக்கு இந்தப் பூமியில் அண்ணன் தம்பி என்று யாரும் கிடையாது. அவர் மனைவி வீரம்மா அக்காவுக்கும் இல்லை. அந்த மூன்று பேருக்கும் தலைக்குமேல் ஒரு கூரை, அந்தச் சைக்கிளின் கனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து அந்த வீட்டு வாசலில் கழற்றுகிற வேலை தொடங்கியது. நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். பால் குறைந்துபோய் எனக்கும் வேலை பாதியாகிவிட்டது. முதலில் ஸ்டாண்டுக் காலைக் கழற்றினார்கள். பிறகு சங்கிலி மூடி, மணி, பின்னால் மின்னுகிற சிவப்பு வில்லை. சீட்டைத் தாங்கும் குழாயை இரும்பு ரம்பத்தால் பாதியாக அறுத்தான் பத்துமலை. பெடலுக்குப் பக்கத்துப் பல்சக்கரத்தில் ஏழு ஓட்டை போட்டான். வெளியே வந்த இரும்புத் தூளை ஐயாவு அண்ணன் உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்ப்பார்.

"இது எவ்வளவு இருக்கும் சின்னையா?"

"ஒரு காப்பிக் கரண்டி சீனி இருக்கும் அண்ணே."

"சூசா லா" என்பார். "வாழ்நாளெல்லாம் கூட்டிக் கூட்டியே பழகிட்டேன். கொறைக்கிறது இம்புட்டுக் கஷ்டம்னு தெரியாமப் போச்சு."

வீரம்மா அக்கா நெத்திலிச் சம்பலும் சுடுசோறும் கொண்டுவந்து வைப்பார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"இப்புடியே கழட்டுங்க. கடைசியில எம்மவன் ரெண்டு சக்கரத்தையும் கக்கத்துல வச்சிக்கிட்டு ஓடட்டும்."

"ஒனக்கு என்னாடி தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். டே பத்துமலை, கொஞ்சமாத் தின்னுடா, அப்பறம் ஒன்னையும் சின்னையா தம்பி தராசுல மாட்டிருவாரு."

பத்துமலை சிரித்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. சிரிக்கும்போது மட்டும் அம்மாவின் முகம் வரும். அந்த அக்டோபர் மாதம்தான் அந்த வீட்டில் கடைசியாகச் சிரிப்புச் சத்தம் கேட்ட மாதம்.

எல்லாம் கழற்றி நிறுத்தபோது பன்னிரண்டு கிலோ அறுநூறு. அதற்குமேல் கழற்ற ஒன்றுமில்லை. ஐயாவு அண்ணனும் பத்துமலையும் நானும் பஸ் ஏறி ஈப்போவுக்குப் பாய் கடைக்குப் போனோம்.

பாய் சைக்கிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு டயரைக் கிள்ளினார். "இங்கதான் கனம் நிக்கிது. சுத்துற எடத்துல நூறு கிராமு கொறைச்சா, சும்மா இருக்குற எடத்துல இருநூறு கொறைச்ச மாதிரி. எடுத்த எடுப்புல வண்டி பறக்கணும்னா டயர மாத்தணும்."

மூன்று டயர்களை எடுத்துப் போட்டார். ஒன்று, மேலே ரப்பர் மொட்டுமொட்டாக நிற்கும் தடித்த டயர். சேற்றைப் பிடித்துக்கொண்டு போகும். பத்துமலை சைக்கிளில் இருந்ததும் அந்த ஜாதிதான். இன்னொன்று நடுத்தரம். மூன்றாவது ஒல்லி, மொட்டு இல்லை, மேலே மெல்லிய கோடுகள் மட்டும். காய்ந்து கெட்டியான தரைக்கு அதுதான் என்றார் பாய். ஐயாவு அண்ணன் அந்த ஒல்லி டயரைக் கையில் வாங்கினார், அதன் எடையைக் கையிலேயே பார்த்தார், கண் மலர்ந்தது. விலையைக் கேட்டார். கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல் மெல்லக் கீழே வைத்தார்.

பாய் வேறு ஆளைக் கவனிக்கப் போனதும் என் காதில் சொன்னார்: "முப்பது வருசமா இந்த ரப்பருக்குப் பால் எடுத்துக் குடுத்தவன் நானு. எனக்கே வெல சொல்றாங்க பாரு."

பஸ் சிம்பாங் பூலாயைத் தாண்டியது. ஐயாவு அண்ணன் திடீரென்று தொடையைத் தட்டினார்.

"ஏன் வாங்கணும்? இருக்குற டயரயே நான் சீவித் தாரேன்."

பத்துமலை திரும்பிப் பார்த்தான்.

"அந்த மொட்டையெல்லாம் எடுத்துட்டா அது ஒல்லி டயருதான? எங் கைய விடவா மிசினு? முப்பது வருசத்துல மரத்துல ஒரு காயம் வச்சிருக்கனா, சின்னையாவக் கேளு."

அது உண்மை. கல்லைக் கட்டி எடை ஏமாற்றினாலும் பால் வெட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை. பட்டையைக் காகிதம்போல் சீவுவார். ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் பிறகு பால் வராது. அவருடைய நிரையில் காயம் பார்த்ததாக வேலையை மேற்பார்க்கும் தண்டல்கூடச் சொன்னதில்லை.

"பின்னால மட்டும் சீவுங்கப்பா" என்றான் பத்துமலை. "முன்னுக்கு வேணாம். திருப்பத்துல முன் டயருதான் மண்ணப் புடிக்கணும்."

"சரி, சரி."

அடுத்த நாளே கத்தியைத் தீட்டினார். சக்கரத்தில் காற்று நிரப்பி, கவிழ்த்த முக்காலியின் கால்களுக்கு நடுவில் பொருத்தி, வீரம்மா அக்காவை மெதுவாகச் சுற்றச் சொன்னார். நான் குவளையில் தண்ணீர் எடுத்து விட்டுக்கொண்டிருந்தேன். ஈரமாக இருந்தால்தான் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். முதல் மொட்டு விழுந்ததும் அவர் கை தன்னுடைய தாளத்தைப் பிடித்துக்கொண்டது. காலை ஆறு மணிக்கு மரத்தடியில் நிற்பதுபோலவே முழங்காலை லேசாக மடக்கி, மூச்சை அடக்கி, இழுத்து இழுத்து விட்டார். கறுப்புச் சுருள் சுருளாக ரப்பர் காலடியில் விழுந்தது. உள்ளே இருக்கும் நூல் எங்கேயும் தெரியவில்லை. முடித்தபோது டயர் எண்ணெய் தேய்த்த தலைபோல வழவழவென்று இருந்தது. அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் சொல்வேன்.

ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்தோம். முள் ஆடி நின்றது.

"எவ்வளவு?"

நான் பார்த்தேன். பன்னிரண்டு கிலோ இருநூறு.

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு என்று சொல்லியிருக்கலாம். பாய் என்ன, தராசு வைத்துக்கொண்டா நிற்கப்போகிறார்? பந்தயத்தில் எடை பார்க்கிற வழக்கமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பதினோரு வருடம் வாளிக்கு வாளி அரைக் கிலோ பொய் சொல்லிப் பழகிய வாய் இது. அன்றைக்குப் பார்த்து உண்மை பேசியது.

"இன்னும் இருநூறு கிராமு இருக்கு அண்ணே."

அவர் சைக்கிளை இறக்கினார். பத்துமலை மருந்தடிக்கப் போயிருந்த சமயம் பார்த்து, முன் டயரையும் சீவிவிட்டார்.

பந்தயத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை, வேலை முடிந்து வந்த பத்துமலை முன் சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"முன்னுக்கு வேணாம்னு சொன்னேனேப்பா."

"ஒரு காயம் இருக்கா, பாரு. சின்னையா நிறுத்தான், பன்னெண்டுக்கு உள்ள வந்துருச்சு."

"மழ பேஞ்சா என்னாப்பா பண்றது?"

"மழ பேஞ்சா எவன்டா ஓட்டுவான்? இன்னொரு நாளைக்கி வச்சிப்பாங்க லா."

பத்துமலை என்னைப் பார்த்தான். நானும் தலையாட்டினேன். இதைப் பிறர் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. விடிகாலையில் மழை பெய்தால் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணி அடிக்காது. ஈர மரத்தில் வெட்டினால் பால் பட்டையெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போகும். மழை என்றால் வேலை இல்லை. எங்கள் தாத்தன் காலத்திலிருந்து அதுதான் சட்டம். வானம் இருண்டால் உலகமே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பாயிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. பத்துமலையும் அந்த லயத்தில் பிறந்தவன்தானே. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே தகரக் கூரையில் மழை கொட்டியது. நவம்பர் மாதம் வேறென்ன செய்யும்? நான் புரண்டு படுத்தேன். லயம் முழுக்கப் புரண்டு படுத்தது.

ஏழரைக்குக் கதவைத் தட்டியது பத்துமலை. தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தான்.

"மாமா, எனக்கு மனசு கேக்கல. ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருவோம். அப்பா இன்னைக்கி நடக்காதுங்கறாரு."

மோட்டோவை எடுத்தேன். அவன் பின்னால் உட்கார்ந்து சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டான். ஈயம் தோண்டிய பழைய லம்பத்து நிலத்தில் செம்மண் கொட்டிப் போட்டிருந்த திடலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. சின்னப் பையன்களின் பந்தயம் பாதி முடிந்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டே ஐந்நூறு பேர் நின்றார்கள். கூடாரத்துக்குள் மற்ற பையன்கள் ஒல்லி டயரைக் கழற்றிவிட்டு மொட்டு வைத்த டயரை மாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மொட்டெல்லாம் ஏழாங்கட்டையில் வீட்டு வாசலில் குப்பையாகக் கிடந்தது.

பாய் குடையோடு ஓடி வந்தார். "ஏம்பா இம்புட்டு நேரம்? பேர அடிக்கப் பாத்தானுங்க." பிறகு டயரைப் பார்த்தார். குனிந்து தடவினார். "யா அல்லா. என்னாப்பா இது? யாரு சீவுனது?"

பத்துமலை சக்கரத்தில் ஒட்டிய சேற்றைத் துடைத்தான்.

"வேற டயரு இருக்கா பாய்?" என்று நான் கேட்டேன்.

"கடையில இருக்கு. இன்னும் பத்து நிமிசத்துல இவன் பேரக் கூப்புடுவான். தம்பி, வேணாம்னா விட்டுரு. வழுக்கும்."

பத்துமலை திடலைப் பார்த்தான். "டிசம்பர் கிட்ட வந்துருச்சு பாய்" என்றான். அவ்வளவுதான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறினான்.

மழை சற்றுத் தணிந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஐயாவு அண்ணனும் வீரம்மா அக்காவும் வந்தார்கள். மகன் திரும்பவில்லையே என்று புறப்பட்டிருக்கிறார்கள். மழையில் பையன்கள் ஓட்டுவதைக் கண்டு ஐயாவு அண்ணன் வாய் பிளந்து நின்றார்.

"என்னா சின்னையா, மழ பெய்யிதுல்ல?" என்று என்னிடம் கேட்டார். பதில் வேண்டிக் கேட்டதுபோலவே கேட்டார்.

தொடக்கக் கோட்டில் சக்கரங்களைத் தடுத்திருந்த கதவு விழுந்தது. எட்டுப் பேரில் பத்துமலைதான் முதலில் பாய்ந்தான். ஒரு சைக்கிள் நீளம் முன்னால், மேட்டிலிருந்து இறங்கும்போது இரண்டு நீளம். கனம் குறைந்த வண்டி, பாய் சொன்னபடியே பறந்தது. "எம்மவன்! அங்க பாரு லா, எம்மவன்!" என்று ஐயாவு அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்தக் கணத்தில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எந்தத் தீபாவளியிலும் பார்த்ததில்லை.

முதல் திருப்பத்தில் முன் சக்கரம் போய்விட்டது. சத்தமே இல்லை. சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். பின்னால் வந்தவர்களில் இருவர் அவன்மேல் விழுந்தார்கள். எழுந்தபோது அவன் வலது மணிக்கட்டு திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வீரம்மா அக்கா அழவில்லை. புருஷனுக்கு எதிரே நின்று கேட்டார்.

"முன்னுக்கு வேணாம்னு சொன்னானா இல்லியா?"

ஐயாவு அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மரத்துக்குக் காயம் வெக்காத கையின்னு பீத்திக்குவீங்களே. இப்ப யாருக்கு வச்சீங்க?"

நான் அந்த இருநூறு கிராமைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் என் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

இரண்டு வாரம் கழித்துப் பாய் காரில் லயத்துக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார், நல்ல மனுஷர். கட்டுப் போட்ட கையோடு பத்துமலை கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எலும்பு கூடும், ஆனால் கை முன்போலப் பிடிக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திருகு பிடிக்காத கையை வைத்துக்கொண்டு மெக்கானிக் ஆவது எப்படி? பாயும் அதைப் பேசவில்லை. சுவரில் சாய்த்திருந்த சைக்கிளின் முன் டயரை மறுபடியும் தடவினார், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அண்ணே, இது மிசின்ல போட்டதா?"

"கையாலதான்" என்றார் ஐயாவு அண்ணன், குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

"ஒரு எடத்துல நூலு தெரியல. எங்க மச்சான் நூஹு சிம்பாங் பூலாயில பட்டற வச்சிருக்காரு. தேஞ்சுபோன லோரி டயருக்குப் புதுத் தோலு ஒட்டுற வேல. ஒட்டுறதுக்கு முன்னால பழசச் சீவணும், வெட்டுப்பட்ட எடத்தக் கத்தியால எடுக்கணும். கையி பதம் தெரிஞ்ச ஆளு கெடைக்காம அலையிறாரு. பின்னால குடியிருக்க எடமும் இருக்கு. நீங்க வாரீங்களா?"

அடுப்பில் காப்பித்தண்ணி கொதித்து வழிந்தது, வீரம்மா அக்கா இறக்கப் போகவில்லை. ஐயாவு அண்ணன் மகனைப் பார்த்தார். அவர் அனுமதி கேட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

பத்துமலை சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "போங்கப்பா. கையி நல்லா இருக்குறவங்களுக்குத்தான வேல."

டிசம்பர் இருபதாம் தேதி அவர்கள் சாமான்களை லோரியில் ஏற்றினார்கள். பத்துமலை ஏறவில்லை. தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு பலகை ஆலையில் காவல் வேலை இருப்பதாகச் சொல்லி, ஒரு பையோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். வீரம்மா அக்கா அவன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். சைக்கிளை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஐயாவு அண்ணன் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்கும்.

எனக்கு ஈப்போவில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. அங்கேயும் தராசுதான். அடுத்த வருடக் கடைசியில் ஒரு நாள் காலை, சிம்பாங் பூலாய் வழியாகப் போனபோது பட்டறையில் நுழைந்தேன். லோரி டயர்களுக்கு நடுவில் ஐயாவு அண்ணன் குந்தியிருந்தார். மேலெல்லாம் கறுப்புத் தூள், பல் மட்டும் வெள்ளை. உள்ளேயிருந்து வீரம்மா அக்கா காப்பி கொடுத்தனுப்பினார். அவர் வெளியே வரவில்லை. பத்துமலை வந்தானா என்று கேட்டேன்.

"தீவாளிக்கும் வரல" என்றார். கத்தி நிற்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அண்ணே, அன்னைக்கி அந்த இருநூறு கிராமு..."

"நீ நெசத்தத்தான சொன்ன" என்றார். "நான்தான கேட்டேன்."

அந்த நேரம் தகரத்தில் மழை விழத் தொடங்கியது. அவர் கை நின்றது. கத்தியைக் கீழே வைத்தார், துணியில் விரல்களைத் துடைத்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். எழுந்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் குந்தி, கத்தியை எடுத்தார்.

"இங்க மழ பேஞ்சாலும் வேல இருக்கு லா, சின்னையா."